அசுரன் முகம்

சூலூர்ப் பக்கத்து ஊர் அது. மில் முதலாளி சுந்தரராஜுலு தன் செலவில் காளியம்மன் கோயிலுக்கு முன்மண்டபம் கட்டி, அதில் அம்மனைச் சுதையில் செய்துவைத்தார். எட்டுக் கை, சிங்கம், காலடியில் சூலம் பாய்ந்த மகிஷாசுரன். திரை விலகியதும் கூட்டம் சிரித்தது. எருமைக் கொம்புக்குக் கீழே இருந்தது மயில்சாமியின் முகம். ஒடிந்த மூக்கு, இடப்புருவத்துத் தழும்பு, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

போன வருஷம் மில்லில் ஸ்டிரைக்கை முன்னின்று நடத்தி வேலையைப் பறிகொடுத்தவன் மயில்சாமி. நேராக முதலாளியிடமே போய்க் கேட்டான்.

"அசுரன்னா ஆணவம்ப்பா," என்றார் சுந்தரராஜுலு, வெற்றிலையைத் துடைத்தபடி. "ஆணவத்துக்கு ஒரு மூஞ்சி வேணுமில்ல? அது உன்ற மூஞ்சியாட்டத் தெரிஞ்சா நானென்ன பண்றது? ஆத்தா செயல்."

கூட நின்று கோஷம் போட்டவர்களே அவனை அசுரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் விளையாட்டுக்கு. பிறகு அதுவே பேராகிவிட்டது.

சித்திரையில் அவன் மகள் சரசுவுக்கு அம்மை போட்டது. மூன்று வயசுப் பிள்ளை. உடம்பெல்லாம் முத்து, கண்ணைத் திறக்க முடியவில்லை. தீர்த்தம் வாங்கப்போன அவன் பெண்டாட்டி கருப்பாத்தாளைப் பூசாரி நிறுத்தினார்.

"ஆத்தா மிதிச்சவன ஊட்டுல வெச்சுக்கிட்டு ஆத்தாகிட்டயே வாரயே அம்மணி. அங்க செலையில கெடக்கற அவன் மூஞ்சில துப்பிப்போட்டுக் கும்புடு. எறங்கிருவா."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். துப்பினாள். தினமும் போய்த் துப்பினாள். காய்ச்சல் தணிந்து பிள்ளை கண் விழித்தது.

"ஏனுங்க, நான் ஒண்ணு செஞ்சுபோட்டனுங்க," என்று வேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"தெரியும். ஊரே சொல்லுது."

"புள்ளைக்காவத்தானுங்க."

"புள்ள பொழச்சுதில்ல, உடு," என்றான். அன்றைக்கு அவன் சோற்றைத் தொடவில்லை.

பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்று பேரும் கோயிலுக்குப் போனார்கள். மண்டபத்தில் நல்ல கூட்டம். முதலாளியும் இருந்தார். கருப்பாத்தாளின் இடுப்பிலிருந்த சரசு சிலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினாள்.

"அப்பா."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கருப்பாத்தாள் அவள் வாயைப் பொத்தினாள்.

"அது அசுரன் கண்ணு. துப்பு. துப்புனாத்தான் ஆத்தா நம்மூட்டுக்கு மறுக்கா வரமாட்டா."

பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு துப்பியது. எச்சில் பாதி அதன் மோவாயிலேயே வழிந்தது. சரியாகச் செய்தோமா என்று திரும்பி அப்பனைப் பார்த்தது.

மயில்சாமி தலையை ஆட்டினான்.