சிவப்பு வராத தட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் செல்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் அதுவல்ல. செல் வளர்க்கிறவள் என்பதால் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் கட்டிடங்களில் செங்கல் சுமந்தவள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள். புருஷனின் தங்கை இங்கே ஆராய்ச்சி செய்கிறவள், அவள் சொல்லித்தான் இந்த வேலை கிடைத்தது. தட்டில் ஒட்டி வளரும் செல்களுக்குப் பழைய சத்துநீரை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றி, சூட்டுப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். கைக்குழந்தை வளர்க்கிற மாதிரிதான். குழந்தையாவது அழுது காட்டும். செல் சத்தமில்லாமல் செத்து வைக்கும்.

அந்தச் செல்களில் நாத்தனார் அம்மை இனத்து வைரஸ் ஒன்றை விடுவாள். தடுப்பூசி செய்ய உதவுகிற, பல் பிடுங்கிய வகை. அது செல்லுக்குள் வேலை ஆரம்பித்தால் முதலில் சிவப்பு மினுங்கும், கடைசிக் கட்டத்துக்கு வந்தால் பச்சை மினுங்கும். அப்படி விளக்கு மாட்டி வைத்திருந்தாள்.

இந்தத் தடவை புதிதாக விட்ட வைரஸ் தட்டில் பச்சையே வரவில்லை. தலைமை டாக்டரம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"செல் சரியில்ல. வளர்ப்புலதான் கோளாறு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பழகின ஆளா போட்டுக்கலாம்."

அவர் போனதும் செல்லம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இங்கே விட்டால் மறுபடி செங்கல்தான். கழுத்து எலும்பு அந்தக் கனத்தை இன்னும் மறக்கவில்லை.

"நான் வழக்கமா ஊத்துறதைத்தாம்மா ஊத்தினேன்" என்றாள் நாத்தனாரிடம்.

"நீங்க ஏதோ பண்ணீங்கன்னு நான் சொன்னேனா அண்ணி?"

"வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுதே."

"என் மூஞ்சி பொறந்ததுல இருந்தே இப்படித்தான். உங்க வீட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க."

சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. இருவரும் மாறிமாறி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்கள். செல்கள் கொழுகொழுவென்று படர்ந்து கிடந்தன. உள்ளே கும்மிருட்டு.

"பச்சை வரலைன்னா போகட்டும். செவப்பாவது தெரியணுமே?" என்று செல்லம்மா புலம்பினாள்.

நாத்தனார் நுண்ணோக்கியைத் தன் பக்கம் இழுத்தாள். மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"அண்ணி, இது உங்க செல்லோட கோளாறு இல்ல. செவப்பு வர்றதுக்கு உங்க செல் உயிரோட இருந்தாலே போதும். செவப்பைக் காட்டுற ஜீனைப் படிக்கிற கருவிய வைரஸே கையோட கொண்டு வரும். செல்லோட உள்ரூமுக்குப் போய் யாரையும் கெஞ்சாது; வராந்தாவுலயே கடைய விரிச்சிடும்."

"வேலைக்கு வர்றவன் தன் கரண்டியோட வர்றாப்பல."

"அதேதான். வைரஸோட ஜீனுங்க மூணு கோஷ்டியா வேலை செய்யும். மொத கோஷ்டி அந்தக் கருவிய வச்சு ஆரம்பிக்கும். வைரஸோட டிஎன்ஏவ நகலெடுக்க வேண்டியதைச் செய்யும். நகல் எடுத்தப்புறம்தான் நடு கோஷ்டி இறங்க முடியும். நடு கோஷ்டி கடைசி கோஷ்டிக்கு வேண்டியதைச் செஞ்சு வைக்கும். யாரும் முந்திக்க முடியாது."

"கடைசி ஆளுங்க?"

"புது வைரஸுக்குச் சுவரு, ஓடு எல்லாம் கட்டுவாங்க. கூடவே, மொத கோஷ்டியோட கருவியையும் செஞ்சு உள்ள வச்சு மூடுவாங்க. அது அவங்களுக்கு இல்ல. அடுத்த செல்லுல போய் ஆரம்பிக்கிறவங்களுக்கு."

செல்லம்மா தட்டைப் பார்த்தாள். "அப்ப இதுங்கள வெறுங்கையோட அனுப்பிட்டாங்களா?"

நாத்தனார் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கருவியை உள்ளே வைக்கிற அந்த ஒரு ஜீனை, சத்துநீரில் மருந்து கலந்தால்தான் வேலை செய்யும்படி ஆராய்ச்சிக்காக அவளே மாற்றி வைத்திருந்தாள். இந்த வைரஸைப் பெருக்கியபோது, அண்ணி லீவில் இருந்ததால் நீரை மாற்றியதும் அவளேதான்.

"அப்ப அந்தத் தட்டுல பச்சை எட்டிப் பார்த்துச்சு. கடைசிக் கட்டம் வந்தாச்சு, இனிமே மருந்து எதுக்குன்னு போடாம விட்டுட்டேன். பொறந்ததுங்கள பெரிய நுண்ணோக்கியில பார்த்தேன், அவ்வளவு லட்சணம்! உள்ள ஒண்ணும் இல்ல."

நிச்சயப்படுத்திக்கொள்ள, மருந்தோடு வளர்த்த பழைய வைரஸைச் செல்லம்மாவின் செல்களில் விட்டார்கள். சிவப்பு வந்தது. மறுநாள் பச்சையும் வந்தது.

இனி டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். யார் என்ன சொல்வது என்று செல்லம்மா கேட்கவில்லை. நாத்தனாருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதற்கும் ஆபத்து வரலாம். செல் தானாகத் தேறிவிட்டது என்று இவள் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தக் கெட்ட பேர் தன் தலையிலேயே நிற்கும்.

நாத்தனார் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக டாக்டரம்மாவின் கை மேலும் கீழும் போவது மட்டும் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. செல்லம்மா துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

வெளியே வந்தவளுக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். எல்லாத்தையும் மொதல்ல இருந்து பண்ணணுமாம்."

"என்னைப் பத்தி?"

"என் தப்புதான்னு சொல்லிட்டேன். உங்க செல்லுல ஒரு குறையும் இல்லையாம். இப்ப வளர்க்கிறத விட ரெட்டிப்பா வேணுமாம்."

செல்லம்மா துடைத்த துணியை மேசையில் போட்டாள். பிறகு கையுறையை இழுத்து மாட்டினாள்.

"பாவி, வேலைய ரெட்டிப்பாக்கிட்டு வந்து நிக்கிறியே. நாத்தனார்னா நாத்தனார்தான்டி."