வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மேலே போனவர்

ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம், மினசோட்டாவின் எல்சா ஏரி மாநிலப் பூங்காவில், கரியடுப்பில் சாசேஜ் திருப்பிக்கொண்டிருந்த ஹார்லன் எங்கெப்ரெட்சன் தரையை விட்டு மேலே எழும்பினார். அன்று தெற்குக் காற்று, கொசு சுமார், ஏரியில் மீன் நன்றாகக் கடித்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர், கனமான ஆள்தான். கையில் இடுக்கியோடு மேசை உயரம், கூடார உயரம் என்று அவசரமில்லாமல் போனார். பக்கத்துக் கூடாரக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரை முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் பிறகு சீட்டாட்டத்துக்குத் திரும்பினார்கள்.

அந்தப் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறை கேட்டால்தான் வாங்குவார்கள். காப்பியும் அப்படித்தான், கல்யாணமும் அப்படித்தான். லவானை ஹார்லன் கட்டிக்கொள்ளக் கேட்டபோது அவள் ஒரு வசந்தத்தில் மறுத்தாள், இலையுதிர் காலத்தில் மறுபடி மறுத்தாள்; அவர் பனி உருகும்வரை காத்திருந்து இன்னொரு தரம் கேட்டார், அவள் சரி என்றாள், பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வீட்டை விட்டுப் போயும்விட்டார்கள். இதெல்லாம் அடுத்த கூடாரத்து ட்ராவிஸுக்கு எப்படித் தெரியும்? அவன் டெக்சாஸ்காரன், அந்தப் பூங்காவுக்குப் புதுசு.

“சார், கயிறு போடட்டுமா?” என்று ஓடிவந்தான்.

“அட, வேணாம் தம்பி. நீ சாப்பிட்டுட்டு இருக்கே.”

“நெசமாவே வேணாமா சார்?”

“பரவால்ல, உனக்கு எதுக்குச் சிரமம்?”

ட்ராவிஸ் நல்ல பிள்ளை. பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுத் தன் சோளக்கதிருக்குத் திரும்பினான். மூன்றாம் முறை கேட்பான், கேட்பான் என்று ஹார்லன் பைன் மர உச்சிவரை காத்திருந்தார். அங்கே ஒரு அணில் அவரைத் திட்டியது. காற்று அவரை ஏரிப்பக்கம் தள்ளியது. ஏரிக்கு அந்தப் பக்கம் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கனடா. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. இருந்தும் கத்திக் கூப்பிட வாய் வரவில்லை.

குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்த லவான், சாசேஜ் கருகுவதைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்தாள்.

“யோவ் மனுஷா, அங்க என்ன பண்றே?”

“ஒண்ணுமில்ல, சும்மா.”

அவள் பெரிய தூண்டிலை எடுத்துக்கொண்டு படகுத்துறையின் முனைவரை ஓடினாள். ஒரே ஒரு வீச்சுக்குத்தான் அவர் எட்டுவார். அடுத்ததற்குள் காற்று கொண்டுபோய்விடும். இரண்டு முறை மறுக்க நேரமே இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் தூண்டிலை ஓங்கினாள்.

“ஹார்லன், இழுக்கட்டுமா?”

கரையில் சீட்டாட்டம் நின்றது. ஹார்லன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஆமா. இழு, லவான்.”

கரையில் யாரோ சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டார்கள். லவான் வீசினாள். முள் அவருடைய கால்சட்டையின் தோள்வாரில் மாட்டியது. பெரிய மீனை இழுப்பதுபோல விட்டுப் பிடித்து இறக்கினாள். அழுதாள், அதே மூச்சில் சாசேஜுக்காகத் திட்டினாள். பூங்கா அதிகாரி வந்து பார்த்தார். மனிதர் மிதப்பதற்கு விதி எதுவும் இல்லை. நாயைக் கட்டும் கயிறு ஆறடிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, அதையே வைத்துக்கொண்டார்கள். இப்போதும் கோடை வந்தால் ஹார்லன் மேசைக்காலில் கட்டிய ஆறடிக் கயிற்றின் முனையில் மிதக்கிறார். ட்ராவிஸும் வருடாவருடம் வருகிறான். கடுகு விழுது வேண்டுமா என்பதைக்கூட மூன்று முறை கேட்கிறான். மிதப்பதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. முதல் முறை கேட்டதுமே ஆமாம் என்றாராமே, அதைத்தான் நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

லவானுக்கே அன்று முழுக்கக் கலக்கமாக இருந்தது, மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. மறுநாள் காலை காப்பியை அவர் உயரத்துக்கு நீட்டினாள்.

“வேணாம், நீ குடி” என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. இன்னும் இரண்டு முறை கேட்டாள்.