தண்ணீருக்குப் போன டிராக்டர்

அந்தக் கோடையில் உர்மியா ஏரியின் தண்ணீர் ஹோட்டல் வாசலை விட்டு நான்கு கிலோமீட்டர் விலகிப் போயிருந்தது.

ஹோட்டலைக் கட்டியவர், இப்போது அதை நடத்தும் பைராமின் அப்பா ஹாஜி மிகாயில். ஈரானை ஷா ஆண்ட காலத்தில் பன்னிரண்டு அறைகளோடு தொடங்கினார். மூட்டுவலிக்காரர்கள் தப்ரீஸ் நகரத்திலிருந்து ரயிலேறி வந்து, கரையின் கறுப்புச் சேற்றை உடம்பெல்லாம் பூசிக் காயவிட்டு, உப்புத் தண்ணீரில் மல்லாந்து மிதப்பார்கள். ஈராக்கோடு நடந்த போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடத்துக் கம்பளங்களில் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. போர் முடிந்து சில வருஷங்களில் ஏரி பொங்கி வாசற்படி வரை வந்தது. ஹாஜி மணல் மூட்டை அடுக்கினார். "இது நம்மள முழுங்காம விடாதுடா" என்று பயந்துகொண்டே கண்ணை மூடினார்.

அதன்பிறகு ஆறுகளில் அணைகள் வந்தன, ஆப்பிள் தோட்டங்களில் ஆழ்கிணறுகள் வந்தன, மழையும் கைவிட்டது. ஏரி வருஷா வருஷம் பின்வாங்கியது. பைராம் முதலில் பலகை நடைபாதை போட்டுப் பார்த்தான். தண்ணீர் அதையும் தாண்டிப் போனதும் ஒரு பழைய டிராக்டர் வாங்கி, பின்னால் பெஞ்சு வைத்த வண்டியை மாட்டினான். அவன் மனைவி சோல்மாஸின் தம்பி எய்னுல்லா அதை ஓட்டினான். உப்பு வெட்டிப் பிழைத்தவன். எந்த இடத்து உப்பு தாங்கும், எது தாங்காது என்று அவனுக்குத் தெரியும்.

ஜூலையில் ஒருநாள் இருவரும் பாதையைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் எய்னுல்லா இரும்புக் கம்பியைக் குத்தினான். அது வெண்ணெயில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை இறங்கியது.

"மச்சான், அடியில வெறும் சேறு. மேல ஒரு விரக்கடை உப்புதான் இருக்கு. இனி இந்தப் பக்கம் வண்டி வேணாம்."

"போன வாரம் போனோமே."

"போன வாரம் செத்திருக்க வேண்டியது. தப்பிச்சோம்."

"இன்னும் பத்து நாள் ஓட்டு. சீசன் முடிஞ்சிரும்."

"நான் ஓட்டமாட்டேன். நீ ஓட்டிக்க. அக்கா கேட்டா நான் உள்ளத சொல்லிருவேன்."

அந்த வருஷம் மொத்தமே ஏழு விருந்தாளிகள். தண்ணீருக்கு வழியில்லை என்று தெரிந்தால் அன்று மாலையே கிளம்பிவிடுவார்கள், அடுத்த வருஷம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு பைராமே டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான்.

ஏழு பேரில் ஷம்சி வாத்தியார் முப்பது வருஷமாக வருகிறவர். தப்ரீஸில் பூகோளம் நடத்தியவர், எழுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்த முறை மகள் மெஹ்ரியும் கூட வந்திருந்தாள்.

"டிரைவர் மாறிட்டாரா பைராம்? உன் மச்சினன் ரோஷக்காரனாச்சே, சண்டையா?"

"அவனுக்கு வயித்துக் கோளாறு, வாத்தியாரே."

மூன்றாவது கிலோமீட்டரில் உப்பு விரிசல் விடும் சத்தம் கேட்டது. பைராம் நிறுத்தவில்லை, வேகமாகப் போனால் தாண்டிவிடலாம் என்று நினைத்தான். முன்சக்கரங்கள் சட்டென்று இறங்கின. பின்சக்கரங்கள் சுற்றச் சுற்ற இன்னும் புதைந்தன. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் வரைக்கும் சேறு. போனில் சிக்னல் இல்லை.

யாருக்கும் அடிபடவில்லை. மற்றவர்கள் சக்கரத் தடத்திலேயே திரும்பி நடப்பது, மெஹ்ரி போய் ஆள் கூட்டி வருவது என்று முடிவானது. அவளுக்கு அப்பாவை விட்டுப் போக மனமில்லை.

"நீ போம்மா," என்றார் வாத்தியார். "எனக்கு ஒரு ஹோட்டல் முதலாளியே காவலுக்கு நிக்கிறாரு."

அவர்கள் புள்ளிகளாகித் தேய்ந்தார்கள். வெள்ளைத் தரையில் வெயில் பட்டுக் கீழிருந்தும் சுட்டது. ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வாத்தியாரின் முகம் சிவந்து, பேச்சு குழறத் தொடங்கியது. பைராம் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான். நாலு அடிக்கு ஒருமுறை கால் உப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஓரங்கள் கண்ணாடிபோல் கெண்டைக்காலைக் கிழித்தன, புண்ணில் உப்புநீர் எரிந்தது.

"உன் அப்பன்கூட என்னைத் தூக்குனதில்லடா," என்றார் அவர் காதருகே.

"பேசாம இருங்க, வாத்தியாரே."

கொஞ்ச தூரம் போனபின் அவர் தெளிவாகக் கேட்டார். "பைராம், இங்க தாங்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நல்லது," என்றார். அப்புறம் பேசவில்லை. எய்னுல்லாவும் மெஹ்ரியும் கழுதைகளோடு எதிரே வந்து சேர்ந்தபோது பைராம் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தான். இறக்கிப் படுக்க வைத்த பிறகுதான் உயிர் போய்விட்டது தெரிந்தது.

மெஹ்ரி அவன் கால்களிலிருந்து ரத்தம் வடிவதைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அப்பாவ நீங்க தனியா விடல அண்ணே," என்று அழுதாள். தப்ரீஸில் அடக்கத்தின்போது அவனை முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள்.

வீட்டில் சோல்மாஸ் தட்டவில்லை. எய்னுல்லா அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். சாப்பாட்டை எதிரே வைத்துவிட்டு எழுந்து போவாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு உன்ன அண்ணேன்னு கூப்பிடுதே, எப்படிக் காது குடுத்துக் கேக்குற?"

"சொன்னா மட்டும் அவர் எந்திரிச்சு வந்துருவாரா?"

"வரமாட்டாரு. நீ கொஞ்சம் மனுஷனாவ."

நாற்பதாம் நாள் கழிந்ததும் மெஹ்ரி ஹல்வாவோடு ஹோட்டலுக்கு வந்தாள். அப்பாவின் கைத்தடியை அவனுக்கே கொடுப்பதாகச் சொன்னாள். பைராம் கையை நீட்டவில்லை.

"எனக்குத் தெரியும்மா. முந்தின நாளே கம்பியால குத்திப் பார்த்தோம். எய்னுல்லா போகாதேன்னான்."

நீட்டிய கைத்தடியை அவள் மேசைமேல் வைத்தாள். "அப்பா உங்ககிட்ட எதாச்சும் கேட்டாரா?"

"தெரியுமான்னு கேட்டாரு. தெரியாதுன்னு சத்தியம் பண்ணேன்."

அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டாள். ஹல்வாத் தட்டையும் எடுத்துக்கொண்டாள். பத்து நாளில் போலீஸ் வந்தது. எல்லாவற்றையும் மறுத்துவிடு என்று வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். பைராம் நீதிபதி முன்னால் மெஹ்ரியிடம் சொன்னதையே சொன்னான். இறந்தவரின் பிள்ளை மன்னித்தால் தண்டனை குறையும், மன்னிக்கிறாயா என்று நீதிபதி அவளைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். இரண்டு வருஷம் கிடைத்தது.

அவன் உள்ளே இருந்தபோது ஹோட்டலின் கதவு, ஜன்னல், குழாய் எல்லாவற்றையும் யார் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். உப்புக் காற்று அறை அறையாகப் புகுந்தது. சோல்மாஸ் ரயிலடிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, தையல் வேலை பார்த்தாள். சிறைக்கு ஒருமுறைகூட வரவில்லை.

விடுதலையன்று எய்னுல்லா மட்டும் வேனோடு வாசலில் நின்றான்.

"ஹோட்டல் வழியா போகவா மச்சான்? ஒரு தடவ பாக்குறியா?"

"வேணாம். உங்கக்கா எங்க?"

"வீட்லதான். நீ வர்றேன்னு தெரியும். கோவம் இன்னும் தீரல."

"உள்ள விடுவாளா?"

"தெரியல. சோறு ரெண்டு பேருக்குத்தான் வச்சிருந்தா. அவளுக்குப் போக இன்னொண்ணு எனக்கா உனக்கான்னு சொல்லல."

பைராம் வேனில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டான். "சரி, போ," என்றான்.