சனிக்கிழமைத் தண்ணீர்

தேவசிகாமணி அந்தக் கண்ணாடித் தொட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது பாதித் தெரு அவன் வீட்டு வாசலில் கூடிவிட்டது. டெல்லியில் முடிசூட்டு விழா நடந்ததற்கு மறுவருஷம் அது. பாளையங்கோட்டையை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். புத்தியுள்ள வாத்தியார்கள் மேசையும் நாற்காலியும் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுக்கிற தேவசிகாமணிக்கு இரும்புச் சட்டம் போட்ட தொட்டிதான் கண்ணில் பட்டது.

"இதுல என்னத்தல போடப்போற?" என்று அவன் தாயார் ஜெபகனி அம்மாள் கேட்டாள்.

"மீன் வளக்கப்போறேம்மா."

"மீனு ஆத்துல கெடக்கும், குழம்புல கெடக்கும். நடுவீட்டுல கெடந்து நான் பாத்ததில்ல."

அவன் பெண்டாட்டி இன்பமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்து அப்போது ஆறேழு மாதம்தான் இருக்கும். புகுந்த வீட்டில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்ட முதல் பொருள் அந்தத் தொட்டி.

மீன் சேர்ப்பதற்குள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் வாய்க்காலில் செக்கச்செவேலென்று மேய்ந்த குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவை விரால் குஞ்சுகள். கூட இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு, கடைசியில் ஒன்றையொன்று கடித்தன. அடுத்து ஒரு கெளுத்தி வந்தது. அது மீசையை ஆட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் ரோந்து சுற்றி, மற்றதுகளைத் தூங்கவிடாமல் அடித்தது. அதன் பிறகுதான் தேவசிகாமணி சம்பந்தம் பேசுகிறவன் மாதிரி உட்கார்ந்து யாருக்கு யார் ஒத்துவரும் என்று யோசித்தான். செல்லக்காசு என்று பையன்கள் சொல்லும் தட்டையான மஞ்சள் மீனில் ஒரு சோடி. சாதுவான மீன், சோடி பிரியாது. அடியில் மணலைக் கிளற அயிரை. மேலே துள்ளித் திரியக் கெண்டைக் குஞ்சு. ஒளிந்துகொள்ள ஒரு கொத்து வேலம்பாசி. இந்தக் குடித்தனத்தில் சண்டையே இல்லை.

ஆனால் சாவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மணி அடிப்பதற்கு முன்னால் இன்பமணி வந்து பார்த்தால் இரண்டு மூன்று மீன் வயிறு தெரிய மிதக்கும். புது மீன் கொண்டுவந்து விடுவார்கள். வாரமெல்லாம் நன்றாக ஓடியாடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மிதக்கும்.

அந்த வீட்டில் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் தண்ணீர் இறைக்கக்கூடாது. அது ஜெபகனி அம்மாள் வகுத்த சட்டம். சனிக்கிழமையே பெரிய செம்பு அண்டாவைப் புளியும் செங்கல் பொடியும் போட்டு, முகம் தெரிகிற மட்டும் விளக்கி, விளிம்புவரை நிரப்பி வைத்துவிட வேண்டும். அண்டா அவளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். அவள் பெருமையெல்லாம் அதில்தான் இருந்தது. விளக்குவதும் நிரப்புவதும் மருமகள் வேலை. சாயங்காலம் அதிலிருந்தே மொண்டு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவதும் அவள்தான். இறைத்தவுடன் ஊற்றாமல் தெளியவிட்டு ஊற்றினால் மீனுக்கு நல்லது என்பது தேவசிகாமணியின் கட்சி.

முதல் தடவை வெயில் என்றார்கள். அடுத்த தடவை மீன் கிழடு என்றார்கள். அதற்கும் அடுத்த தடவை ஜெபகனி அம்மாள் மருமகளின் கையைப் பார்த்தாள்.

சிலையையும் திருநீற்றையும் விட்டு நாலு தலைமுறை ஆன குடும்பம்தான். ஆனால் கைராசியை மட்டும் விடவில்லை. எந்தப் பாதிரியாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. கோழியை அடைவைக்க இன்பமணி முட்டையை எடுத்தபோது, "நீ விடு, நான் பாத்துக்கிடுதேன்" என்று மாமியார் வாங்கிக்கொண்டாள். முருங்கைக் கொம்பு ஊன்றவும் அவளைக் கூப்பிடவில்லை. ஏசியிருந்தால்கூட இன்பமணி ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பாள். அந்த அம்மாளோ அன்பாகவே ஒதுக்கினாள்.

பிறகு ஜெபகனி அம்மாளின் மகள் எலிசபெத் தலைப்பிரசவத்துக்குத் தச்சநல்லூரிலிருந்து வந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பெயர். வைக்கிறவர் குணமும் ராசியும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள்.

"எம் பிள்ளைக்கு மதினிதான் சேனை வைக்கணும்" என்றாள் எலிசபெத்.

"அத அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றாள் ஜெபகனி அம்மாள்.

அடுப்படியில் நின்ற இன்பமணிக்கு அது காதில் விழுந்தது. அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஒருவேளை உண்மைதானோ என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தோன்றியது. நாளைக்குத் தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தாலும் இந்தக் கையால்தானே தூக்க வேண்டும் என்று நினைத்ததும் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இனிமே தொட்டிக்கு நான் தண்ணி ஊத்தல" என்று புருஷனிடம் சொன்னாள்.

"கிறுக்குத்தனமாப் பேசாத. நீதான் ஊத்தணும்" என்றான் அவன். பெண்டாட்டியின்மேல் உள்ள பிரியத்தில் சொன்னதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லக்காசில் ஒன்று செத்துக் கிடந்தது. பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமை காலையில் மீன்காரி பானையில் உயிரோடு அயிரை கொண்டுவந்தாள். மகளுக்குப் பிடிக்குமே என்று ஜெபகனி அம்மாள் நிறையவே வாங்கிவிட்டாள். ஒரு சட்டி கொள்ளவில்லை. பாதியைச் சட்டியில் போட்டு, அன்று காலை விளக்கி நிரப்பியிருந்த அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள். மீதியை இன்பமணி இன்னொரு சட்டியில் போட்டு, அப்போதுதான் இறைத்த கிணற்று வாளியைச் சாய்த்தாள். அரிவாள்மணையை எடுப்பதற்குள் உள்ளே எலிசபெத்துக்கு வலி கண்டுவிட்டது.

அதற்கப்புறம் அயிரையை யார் நினைத்தார்கள்? மருத்துவச்சி வந்தாள், வெந்நீர் கொதித்தது, தேவசிகாமணி வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்டதும் இன்பமணி அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சட்டிகள் ஞாபகம் வந்தது.

மாமியார் ஊற்றிய சட்டியில் ஓர் அயிரைக்கும் உயிரில்லை. அவள் ஊற்றிய சட்டியில் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. அவள் விரலை விட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடின.

ஜெபகனி அம்மாள் கையில் தம்ளரோடு உள்ளே வந்தாள். சேனைக்கென்று அண்டாவில் தண்ணீர் மொண்டவள், மருமகள் குனிந்திருப்பதைக் கண்டு தானும் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குத் தண்ணி யாரு ஊத்துனது?"

"நீங்க அத்தை."

"அதுக்கு?"

"நான்."

ஜெபகனி அம்மாள் இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தம்ளர்த் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"செம்புல புளி பட்டா களிம்பு எறங்கும்னு ரசத்தக்கூட அதுல ஊத்தி வைக்க மாட்டேன். வாராவாரம் புளிய வச்சுத் தேச்சு, அந்தத் தண்ணிய மீனுக்கு ஊத்த வச்சிருக்கேனே" என்றாள் மெதுவாக. "உன் கையில ஒண்ணும் இல்ல, ஏளா. எல்லாம் என் அண்டாவுலதான்."

தம்ளரைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கவிழ்த்துவிட்டு மருமகளிடம் நீட்டினாள். "மண்பானைத் தண்ணி எடு. சீனி போடு. எலிசபெத் காத்துக்கிட்டு இருக்கா."

இன்பமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். பல வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல் இறங்கியது. சீனியைக் கலக்கி எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளையின் நாக்கில் விரலை வைத்ததும் அது சப்பென்று பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. எலிசபெத் சிரித்தாள்.

உயிரோடு இருந்த அயிரையைக் குழம்பு வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. இன்பமணி அவற்றைத் தொட்டியில் விட்டு, வாளித் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றினாள்.

மறுநாள் கோயில் மணிக்கு முன்னால் பயந்துகொண்டே தொட்டியருகே போனாள். பாசி மறைவில் ஒவ்வொன்றாகத் தேடினாள். பின்னாலிருந்து, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஜெபகனி அம்மாளின் குரல் கேட்டது.

"தேடாத, எல்லாம் இருக்கி. நான் விடியமுன்ன எந்திரிச்சு வந்து பாத்துட்டேன்."