ஆறு ஏறுகிறது, முள் இறங்குகிறது

என்ஜின் அணைந்தது. அதே நொடியில் லாரிக்கு அடியிலிருந்து கார்த்திகேசுவின் அலறல்!

அர்ச்சுனன் கதவை உதைத்துத் திறந்து மழையில் குதித்தான். மரப்பாலத்தின் பலகை ஒன்று முறிந்து, லாரியின் பின்சக்கரம் அந்த ஓட்டைக்குள் இறங்கிக் கிடந்தது. அதற்கு முட்டுக்கொடுக்க ஆற்றில் இறங்கி, ஒரு ரப்பர்க் கட்டையைச் சொருகியவன் கார்த்திகேசு. லாரியில் உதவியாளாக வரும் கெலிண்டான், அர்ச்சுனனின் தங்கை பாப்பாவைக் கட்டியவன். சக்கரம் கட்டைமேல் பாதி ஏறியபோது என்ஜின் படுத்துவிட்டது. ஏறிய சக்கரம் திரும்பச் சறுக்கி விழுந்தது. புரண்ட கட்டை அவன் கணுக்காலைப் பாலத்தூணோடு வைத்து நெரித்துக்கொண்டிருந்தது.

"மச்சான்! காலு போச்சு மச்சான்!"

"இழுத்துப் பாருலா!"

"இழுக்க முடிஞ்சா இங்க நின்னு குளிச்சிக்கிட்டா இருப்பேன்?"

தண்ணீர் அவன் இடுப்பளவில் ஓடியது. காலையில் வரும்போது முழங்காலைக்கூட நனைக்காத ஆறு. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு கொட்டியது.

கூப்பிட்டால் வர யாரும் இல்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று இரண்டு வருஷமாகிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பூட்டுகூட மிச்சமில்லை. வெட்டிச் சாய்த்த கிழட்டு ரப்பர் மரங்களைச் செங்கல் சூளைக்கு ஏற்றிப்போக இவர்கள் இருவர் மட்டும்தான் வந்திருந்தார்கள். பக்கத்து ஊரான ஜெலாப்பாங் வரை ஓடி ஆள் கூட்டி வருவதற்குள்... அந்த நினைப்பை அர்ச்சுனன் அங்கேயே அறுத்தான்.

ஜாக்கை வைத்துப் பார்த்தான். ஊறிப்போன பலகை அதையும் விழுங்கப் பார்த்தது.

"மறுபடி ஏத்து மச்சான். சக்கரம் தாண்டிட்டா கட்டை விட்டுடும்."

"பாதியில நின்னுச்சுன்னா? மறுபடியும் உன் காலுலதான் வந்து விழும்."

"அப்ப நிக்காம ஏத்து!"

அதுதான் சிக்கல். இரண்டாம் முறை விழுந்தால் கணுக்கால் தூளாகிவிடும்.

கேபினுக்குள் தலையை நீட்டினான். டீசல் நாற்றம் மூக்கில் அடித்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர். டீசல் எந்த அழுத்தத்தில் என்ஜினுக்குப் போகிறது என்று காட்டுவது; பழைய பம்பை நம்பாத முதலாளி தவுக்கே மாட்டச் சொன்னது. ஃபில்டரிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் வழியாக டீசலே நேராக வந்து அதன் முள்ளைத் தள்ளும். குழாய் மீட்டரோடு சேரும் இடத்தில் கசிவு. சும்மா நிற்கும்போது சொட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பீய்ச்சும். பாரம் இழுக்கும் நேரத்தில் என்ஜினுக்குப் போகவேண்டியது அர்ச்சுனனின் முழங்காலில் வழிந்தது.

நேற்று அதை அடைத்தவன் கார்த்திகேசு. ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, "இனிமே ஆனை இழுத்தாலும் வராது" என்று கையைத் துடைத்துக்கொண்டான். அர்ச்சுனனும் தலையாட்டினான். வாளி ஒழுகினால் ஒட்டுப்பால், கூரை ஒழுகினால் ஒட்டுப்பால் என்று வளர்ந்தவர்கள்தானே இரண்டு பேரும்!

இப்போது விரலை வைத்தான். அல்வா மாதிரி கையோடு வந்தது.

"கார்த்தீ, கரைஞ்சு கிடக்கு!"

"கரையவே கரையாது! இன்னும் கொஞ்சம் சேத்து இறுக்கிச் சுத்து!"

அர்ச்சுனன் கரையிலிருந்த மரத்துக்கு ஓடினான், உரித்தான், ஓடிவந்து சுற்றினான். பானெட்டைத் தூக்கி டீசல் பம்பின் கைநெம்புகோலை நாலு தரம் அடித்தான். திரும்பிப் பார்த்தால், புதுக்கட்டின் ஓரத்தில் டீசல் முத்து முத்தாகத் துளிர்த்தது.

"பிடிக்கலலா! தண்ணிய நிறுத்தும், டீசலுக்கு இளகிடுது!"

கீழே எட்டிப் பார்த்தான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. கார்த்திகேசு தூணைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"மச்சான்... சுசாவா இருக்கு, தாங்க முடியல."

அர்ச்சுனன் மீட்டரை முறைத்தான். இது இல்லாவிட்டால் என்ஜின் ஓடாதா? ஓடும்! முள் ஆடாமல் வண்டியை எடுக்காதே என்றது தவுக்கேயின் சட்டம், என்ஜினின் சட்டம் அல்ல.

ஃபில்டர் பக்கத்திலேயே செம்புக் குழாயைப் பிடித்தான். ஒடியாமல் மெதுவாக மடக்கினான். மடித்ததை இன்னொரு தரம் மடித்து, சேசிஸில் வைத்து ஸ்பேனரால் தட்டித் தட்டித் தகடாக்கினான். மீட்டர் செத்தது. இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேல் இருந்த திருகைத் தளர்த்தி நெம்புகோலை அடித்தான். நுரை வந்தது. மறுபடி அடித்தான். மறுபடி நுரை.

"மச்சான்! தாடைக்கு வந்துடுச்சு!"

"வாய மூடிக்கிட்டு மூக்கால விடு!"

நுரை அடங்கி டீசல் தெளிந்து வழிந்தது. திருகை இறுக்கினான். தாவி ஏறிச் சாவியைத் திருப்பினான். பேட்டரி முனகியது, இழுத்தது, பிடித்துக்கொண்டது!

முதல் கியர். கிளட்சை விட்டான். சக்கரம் கட்டையைக் கவ்வியது. கார்த்திகேசுவின் கத்தல் என்ஜினைத் தாண்டிக் கேட்டது. ஏறும்போது கட்டை இன்னும் நெரிக்கும், தெரிந்ததுதான். அர்ச்சுனனின் கண் பழக்கத்தில் மீட்டருக்குப் போனது. முள் பூஜ்யத்தில் கிடந்தது. முள் விழுந்தால் காலை எடு! இத்தனை வருஷத்துப் பழக்கம் அவன் பாதத்தைத் தூக்கப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு தரைவரை அழுத்தினான்.

லாரி ஒரு முறை குதித்தது. நாலு சக்கரமும் பலகையில்! கரையேறி, என்ஜினை அணைக்காமல் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு ஓடினான்.

கத்தல் நின்றிருந்தது. தூணருகே ஆளைக் காணோம்.

"மச்சான்! கார்த்தீ!"

கொஞ்சம் தள்ளி, கரைப்புல்லைப் பற்றியபடி இரண்டு கைகள் தெரிந்தன. அர்ச்சுனன் விழுந்து புரண்டு அவனை இழுத்து மேலே போட்டான். சுமந்து கேபினில் ஏற்றினான். கணுக்கால் பலாக்காய் மாதிரி வீங்கி, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

கார்த்திகேசு குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"பாப்பாகிட்ட ஒட்டுப்பால்னு மட்டும் சொல்லிடாத மச்சான். சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. "விரல ஆட்டு," என்றான்.

"வலிக்குதுலா."

"ஆட்டுன்னா ஆட்டு!"

கார்த்திகேசு பல்லைக் கடித்தான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பெருவிரல் மெல்ல வளைந்து நிமிர்ந்தது. அதற்கப்புறம்தான் அர்ச்சுனன் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கியரைப் போட்டான்.