டாக்டர் ஜெயித்த பந்தயம்

பட்டறையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். தகரத்தில் மூடி, கீல் அடிக்கும் பிரஸ் மெஷினில் ஓர் அச்சைக் கழற்றி வேறு அச்சு மாட்ட அவர் ஒருவரால்தான் முடியும். ஒவ்வோர் அச்சும் ஒவ்வோர் உயரம். எதற்கு அடியில் எந்தத் தகட்டைக் கொடுத்தால் சமமாக நிற்கும் என்பது அவர் மண்டைக்குள் மட்டுமே இருந்தது. "தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று எல்லோரையும் விரட்டிவிட்டுத்தான் தகட்டுப் பெட்டியைத் திறப்பார். அரை நாள் போய்விடும். முதலாளி அவர் மனைவியின் அண்ணன். ஆனாலும் அவரை யாரும் அசைக்க முடியாமல் வைத்திருந்தது அந்த உறவு அல்ல, அந்தப் பெட்டி. அது அவருக்கும் தெரியும்.

முன்பெல்லாம் ஒரே மூடியை மாதக்கணக்கில் அடிப்பார்கள். இப்போது வருகிறவர்கள் காலையில் கொஞ்சம் மூடி, மதியம் கொஞ்சம் கதவுக் கீல் என்று கேட்கிறார்கள். தாமதமானால் எதிர்ப் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

"அங்க ஒரு டீ குடிக்கிற நேரத்துல அச்சு மாத்துறாங்களாம் மாப்பிள்ளை" என்றார் முதலாளி.

"யாரு சொன்னது?"

"விடுங்க. உங்க வயசுக்கு அதெல்லாம் ஆகாது."

பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த பேக்கிங் அக்கா தலை நிமிராமலே சொன்னாள்: "டாக்டருக்கு டீயை ஆத்தவே அரை நாள் வேணுமே."

அவருக்குச் சுருக்கென்றது. "நாளைக்கு டீ வாங்கி வைங்க மச்சான். ஆறுறதுக்குள்ள முடிக்கலேன்னா இந்த மெஷினைத் தொடமாட்டேன்."

மச்சான் எந்த அச்சைச் சொல்வாரோ தெரியாது. மெஷின் நிற்கும்போது தகடு தேடினால் பந்தயம் போச்சு. ஆகவே அன்று மாலையே எல்லா அச்சுகளுக்கும் உரிய தகடுகளைப் பொறுக்கி, அந்தந்த அச்சோடு கம்பி போட்டுக் கட்டினார். அச்சு உட்கார வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் கோடிழுத்தார். ஸ்பேனரை மெஷினிலேயே தொங்கவிட்டார். பெட்டி காலியானது. அது அவருக்கு உறைக்கவில்லை.

காலையில் ஜெயித்துவிட்டார். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மிதப்போடு ஒரு வாய் குடித்துவிட்டு, கம்பிகளை அவிழ்க்கக் குறடை எடுத்தார்.

முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது அப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை."

வாசலில் வெல்டர் காத்திருந்தான். தீப்பொறி பறக்க, ஒவ்வொரு தகட்டையும் அதனதன் அச்சோடு பற்றவைத்தான். கடைசிப் பொறி அணைந்ததும் முதலாளி பேக்கிங் அக்காவைக் கூப்பிட்டார். "கீல் அச்சை மாட்டுங்க, பாப்போம்."

டாக்டர் சிரித்தார். அவள் கோட்டுக்கு நேராக அச்சைத் தள்ளினாள், முடுக்கினாள், பொத்தானை அழுத்தினாள். பிசிறில்லாமல் ஒரு கீல் வந்து விழுந்தது.

சிரிப்பு நின்றது. "அப்ப நான், மச்சான்?"

"பேக்கிங்லதான் இப்ப ஆள் இல்லையே. சம்பளமும் அந்த வேலைக்கு உள்ளதுதான். தங்கச்சிகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

நேற்று ராத்திரி சோறு போட்டபோது மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அடுத்த அச்சோடு அக்கா வந்தாள்.

"தள்ளுங்க டாக்டர், காத்து வரட்டும்."

பட்டறையே சிரித்தது. அவர் போய் உட்கார்ந்து, டேப்பின் நுனி எங்கே என்று நகத்தால் தேடத் தொடங்கினார்.