ஆகாயத்தைப் பார்த்த பாலம்

இருபத்தாறாம் வருஷம் செல்லையா ரங்கூனில், அலோன் துறையில் வந்து இறங்கியபோது, மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் பேயறைந்தாற்போல் நின்றார்கள். அவன் போன கப்பல் புயலில் மூழ்கிவிட்டது, ஒருவர் மிச்சமில்லை என்று கம்பெனியே சொல்லியனுப்பி மூன்று நான்கு மாதமாகியிருந்தது.

மூழ்கும்போது அவன் அதில் இல்லை என்பது யாருக்குத் தெரியும்? ரங்கூன் அரிசியை ஏற்றிக்கொண்டு ஹாலந்து தேசத்து ரோட்டர்டாமுக்குப் போன அந்தக் கப்பலில் அவனும் மனைவியின் தம்பி வடிவேலும் சமையல்காரர்கள். திரும்பிப் புறப்படும் நாளன்று, தண்ணீரே தெருவாக ஓடுகிற ஊரைப் பார்க்காமல் போவதா என்று இவனுக்குக் கால் நிற்கவில்லை.

"போயிட்டு வாங்க அத்தான், அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றான் வடிவேல்.

போனவன் பெரிய புத்திசாலிபோல் அடையாளம் வேறு வைத்துக்கொண்டு போனான். துறைக்குத் திரும்பும் முனையில் ஒரு பாலம் இரண்டாய்ப் பிளந்து ஆகாயத்தைப் பார்த்து நின்றது. வரும்போது அந்தப் பாலத்தில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். படகுக்கு வழிவிடத்தான் தூக்கினார்கள், படகு போனதும் இறக்கிவிடுவார்கள் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. பகலெல்லாம் சுற்றினான். பாலங்கள் எல்லாம் படுத்தே கிடந்தன. கேட்கலாம் என்றால் பாஷை தெரியாது. ஒருவழியாகத் துறையைக் கண்டுபிடித்தபோது கப்பல் போய்விட்டிருந்தது.

கப்பல் மூழ்கிய சேதி அவனுக்கு அந்த ஊரிலேயே கிடைத்தது. பிழைத்துக்கிடக்கிறேன் என்று வீட்டுக்கு எழுதினால் வடிவேல் போனதையும் எழுத வேண்டும். அதற்கு நெஞ்சு துணியவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வேறொரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்து வந்தான். கம்பெனி தன்னையும் சேர்த்தே சாகடித்திருக்கும் என்று நினைக்கவே இல்லை, பாவி.

வீட்டு வாசலில் மனைவி அம்சவேணி வெள்ளைப் புடவையில் நின்றாள். கையில் வளையல் இல்லை, கழுத்தில் தாலி இல்லை. அவனைக் கண்டதும் காலடியில் சரிந்து அழுதாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் மஞ்சள் கயிறு கொண்டுவந்து, இப்போதே கட்டச் சொல்லி அவன் கையில் திணித்தாள்.

அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சிரித்தாள். அவனைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க. அன்னைக்குக் கட்டுறப்பவும் தம்பிதானே பக்கத்துல நின்னான். அவனும் வந்துரட்டும்."

அழுது ஆறியவளுக்குத் தம்பியை இன்னொரு தரம் சாகடிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று செல்லையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கயிற்றைப் பிடித்தபடி நின்றான். அவள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.